இரண்டாவது பெட்டி எதற்கு?

"என்ன தொலைஞ்சு போச்சு, டாக்டர்?" என்று கேட்டார் இளையபெருமாள் அண்ணன்.

"கால்" என்றார் டாக்டர் பாலசுந்தரம்.

"கால் படியா, கால் பவுனா?" என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், இவர் நமக்கும் ஒரு ஊசி போட்டுவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது. "மனுஷன் கால்யா. வலது கால். முழங்காலுக்குக் கீழ, பாதத்தோட."

பெரம்பலூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், நாலு கட்டில் மட்டும் போட்ட சின்ன ஆஸ்பத்திரி அது. வருஷம் 1944. காலை எட்டரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கொளஞ்சி. ஏழு வருஷம் ஒரு நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். சண்டை வந்து மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம் வந்ததும் மேடையில் விளக்கு அணைந்தது, கம்பெனியும் அணைந்தது. அதற்குப் பிறகு அரியலூர் இளையபெருமாள் அண்ணனிடம் ஒட்டிக்கொண்டேன். அண்ணன் ஒரு காலத்தில் ஹெட் கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டரிடமே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேலையை விட்டு வந்தவர். இப்போது தொலைந்ததைத் தேடிக் கொடுப்பதுதான் தொழில். கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும். மழைக்கோ வெயிலுக்கோ அதை விரித்து நான் பார்த்ததில்லை. குடைக்காம்பு நெடுகப் பேனாக்கத்தியால் அங்குலக் கோடு கீறி வைத்திருக்கிறார். பார்க்கிற எதையும் அளந்துவிட வேண்டும் அவருக்கு.

"மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார் அண்ணன்.

"அரியலூர்ப் பக்கம் மாதாபுரம். அங்க தேவசகாயம்னு ஒரு வாத்தியாரு. கால்ல முள்ளு குத்தி, சுண்டுவிரல் கறுத்துப்போய் வந்தாரு. சர்க்கரை வியாதி வேற. செத்த விரலை வெச்சிருக்கக் கூடாதுன்னு எடுத்துட்டேன். எடுத்த எடத்துல புண்ணு ஆறல. ரத்தம் கீழ எறங்கினாத்தானே ஆறும்? அஞ்சே நாள்ல பாதம் பூரா கறுத்து, கணுக்காலத் தாண்டி மேல ஏறிடுச்சு. அது செத்த சதை சார். விட்டு வெச்சா மிச்ச ஆளையும் இழுத்துக்கிட்டுப் போயிரும். மூணு வாரம் முன்னாடி புதன்கிழமை அந்தக் காலை எடுத்தேன். ஆள் பொழைச்சிட்டாரு."

"பொழைச்சவரு என்ன செஞ்சாரு?"

"என் மேல பெட்டிஷன் போட்டாரு."

நாலு பக்கப் பெட்டிஷன். நகலை டாக்டர் நீட்டினார். முத்து முத்தான கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. நடுவில் ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தது: 'என் கால் செத்துவிட்டது என்று சொல்லி வெட்டினார். செத்த கால் எனக்கு இன்றுவரை வலிப்பது எப்படி? உள்ளங்கால் கூசுவது எப்படி? உயிரோடிருந்த நல்ல காலை வெட்டிவிட்டு, அந்தக் காலையும் மறைத்துவிட்டார்.'

"நியாயமான கேள்வியாத்தான் இருக்கு" என்றேன்.

"அது நரம்பு பண்ற வேலைய்யா. வெட்டின பொறவும் கால் இருக்கிற மாதிரியே தோணும். சில பேருக்கு மாசக்கணக்கா இருக்கும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு ஜில்லா மெடிக்கல் ஆபீசர் திருச்சியிலேருந்து மாதாபுரத்துக்கே வர்றாரு. நான் அந்தக் காலைக் காட்டியாகணும். காட்டலேன்னா மறைச்சது நான்தான்னு ஆயிரும். தொழில் பாக்குற என் சன்னதைப் புடுங்கிருவாங்க." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றித் துடைத்தார். "நான் போனா போறேன். வாசல்ல பாருங்க, எத்தனை பேரு உக்காந்திருக்காங்கன்னு. அவங்க வேற எங்க போவாங்க?"

வாசலில் இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் மடியில் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

கால் இருந்த அறை பின்கட்டில். திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம் என்று ஒரு தகரத் தொட்டியில் வைத்திருந்தாராம். அதைக் கெடாமல் வைக்கிற மருந்து வாங்கப் போன ஆள், சண்டைக் காலம், கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு திரும்பினான். வியாழக்கிழமை மத்தியானம் டாக்டர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தொட்டி காலி. அன்று பூட்டிய அறையை எங்களுக்காகத்தான் மறுபடி திறந்தார்.

அண்ணன் குனிந்தார். தொட்டியைத் தடவினார். தரையைப் பார்த்தார்.

"தொட்டியக் கழுவிக் கவுத்தது நீங்களா?"

"இல்லையே. வந்தப்பவே கவுத்துத்தான் கெடந்துச்சு."

"திருட வந்த எடத்துல பாத்திரம் கழுவிட்டுப் போயிருக்கான் அண்ணே" என்றேன். "எனக்கு வாய்ச்சவளுக்கு இந்தப் புத்தி இல்ல."

அண்ணன் நகத்தால் தரையைச் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ பெயர்ந்து வந்தது. மெழுகு. மெழுகுவத்தி நின்று உருகிய தடம் வட்டமாக இருந்தது.

"இந்த ரூம்ல மெழுகுவத்தி எதுக்கு, டாக்டர்?"

"மத்தியான வேளையில மெழுகுவத்தியா? ஜன்னலப் பாருங்க, வெயில் கொட்டுது."

"அதான்" என்றார் அண்ணன். "பட்டப்பகல்ல வெளிச்சத்துக்கு யாரும் மெழுகுவத்தி ஏத்த மாட்டாங்க. காலுக்கு ஏத்தியிருக்காங்க. தலைமாட்டுல... சரி, அதுக்குத் தலை கெடையாது, முழங்கால்மாட்டுல வெச்சு வேண்டிக்கிட்டு, அப்புறம்தான் தூக்கியிருக்காங்க. உங்களக் கெடுக்க நெனைக்கிறவன் இதைச் செய்ய மாட்டான். மரியாதை தெரிஞ்ச திருடன். கால் எங்கயோ மரியாதையாத்தான் இருக்கு. கெளம்புடா கொளஞ்சி."

"எங்க அண்ணே?"

"பெரம்பலூருக்கு ரயில் கெடையாது. கால் தானா நடந்தும் போயிருக்காது. அப்ப எதுல போயிருக்கும்?"

பஸ்ஸில்.

அரியலூர் பஸ் கரிவாயு பஸ். பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய கொதிகலனைக் கட்டி, அடுப்புக் கரியைப் போட்டு ஓட்டினார்கள். கரி கனன்று வர, கண்டக்டர் ராசாங்கம் அரைமணி நேரமாக அதன் காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி.

"ராசாங்கம், மூணு வாரம் முன்னாடி, வியாழக்கிழமை, ரெண்டு மணி பஸ். வழக்கமில்லாத வாடை எதுனா அடிச்சுதா?"

ராசாங்கம் சுற்றுவதை நிறுத்தினார். "அய்யோ, அதை ஏன் கேக்குறீங்க! கருவாட்டுக் கூடை ஒண்ணு. அந்த நாத்தத்த என் ஜென்மத்துல மறக்க மாட்டேன். நாலு பேரு வழியிலயே எறங்கிட்டாங்க."

"கருவாடுன்னு யாரு சொன்னா?"

"அந்தம்மாதான். கூடைய மேல டாப்புல போடுன்னேன். மாட்டேன்னுடுச்சு. மடியிலயே படுக்க வெச்சுக்கிட்டு வந்துச்சு. நிக்க வெக்காதீங்கன்னுச்சு. இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க, எனக்கு அன்னிக்கே சந்தேகம். கூடை மேல செவந்தி மாலை போட்டிருந்துச்சு. கருவாட்டுக்கு மாலை போட்டு நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"மூஞ்சி எப்படி?"

"முக்காடு போட்டிருந்துச்சு. நான் மூக்கப் பொத்துனேன், கண்ணும் சேந்து மூடிக்கிச்சு. கழுத்துல செபமாலை மட்டும் தெரிஞ்சுது. அரியலூர்ல எறங்கி, பெட்டி செய்யிற ஆசாரி பட்டறை எங்கன்னு கேட்டுச்சு."

அந்த பஸ்ஸிலேயே நாங்களும் ஏறினோம். ஏறினோம் என்றுதான் பெயர், மேடு வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ளினோம். இருபது மைலுக்கு மூன்று மணி நேரம். அரியலூரில் இறங்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னது அண்ணன் காதில் விழவில்லை.

பாவாடை ஆசாரி, பட்டறையில் ஒரு கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"ஆமாங்க, வந்துச்சு. உடனே பெட்டி வேணும்னுச்சு. இந்த மூலையில கூடையோட உக்காந்துக்கிச்சு. ஆணி கெடைக்கிற காலமா இது? மூங்கி முளை அடிச்சு செஞ்சு குடுத்தேன். பிள்ளைக்கான்னு கேட்டேன். அழுதுச்சு. அதுக்கு மேல கேக்க மனசு வரல."

"அளவு?"

"நூலுல முடிச்சுப் போட்டுக் கொண்டாந்துச்சு. ஒன்றரை அடி நீளம், ஆறு அங்குலம் அகலம். சின்னப் பிள்ளைதான் போலன்னு நெனைச்சேன். பாவம், பத்து நாள் கழிச்சு ரெண்டாவது பெட்டி வாங்க வந்துச்சு."

அண்ணன் குடையைத் தரையில் ஊன்றினார். "ரெண்டாவது பெட்டியா?"

"ஆமா. போன செவ்வாக்கெழமை காலையில. நீளம் அதே ஒன்றரை அடி. அகலம் மட்டும் பதினோரு அங்குலம்."

நான் அண்ணனைத் தனியே இழுத்தேன். "அண்ணே, விளங்கிப்போச்சு! ரெண்டு பெட்டின்னா ரெண்டு காலு. நம்ம டாக்டரு இன்னொருத்தன் காலையும் வெட்டியிருக்காரு, நம்மகிட்ட சொல்லல. வாத்தியாரு பெட்டிஷன் நெசம்தான்."

அண்ணன் முகம் கறுத்தது. "அப்படி இருந்துச்சுன்னா, நாலு மணிக்கு நானே ஆபீசருகிட்ட சொல்லிருவேன். நம்மளக் கூப்பிட்டவராச்சேன்னு பாக்க மாட்டேன்." திரும்பி ஆசாரியிடம் கேட்டார்: "ரெண்டு தடவையும் வந்தது ஒரே அம்மாதானா?"

"அதே அம்மா, அதே முக்காடு. மொதத் தடவ அழுதுக்கிட்டு வந்துச்சு. ரெண்டாந்தடவ சண்டைக்கு வந்துச்சு! 'நீங்க செஞ்ச பெட்டி கடிக்குது'ன்னுச்சுங்க."

"என்னது?"

"செருப்பு கடிக்கிறது தெரியும். சவப்பெட்டி கடிக்குதுன்னு என் அறுபது வயசுல இப்பத்தான் கேக்குறேன். அளவு குடும்மான்னேன். பலகை மேல தன் பாதத்தக் குறுக்க வெச்சுது. 'இதுக்கு மேல ரெண்டு விரக்கடை கூட வெச்சு செய்யுங்க'ன்னுச்சு."

"அப்ப ரெண்டு பெட்டியும் ஒரே பிள்ளைக்கா?" என்றேன் நான். "செத்த பிள்ளை பத்து நாள்ல அஞ்சு அங்குலம் பருத்திருக்கு. மண்ணுக்குள்ள என்னய்யா சாப்பாடு போட்டாங்க?"

அண்ணன் சிரிக்கவில்லை. குடைக்காம்பில் ஆறாவது கோட்டையும் பதினோராவது கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"முழங்காலுக்குக் கீழ ஒன்றரை அடி. அதைப் படுக்க வெச்சா பாதம் குறுக்க நீட்டும். பாதத்துக்கு ஆறு அங்குலம் பத்தாது. விரலை மடக்கித்தான் மூடியிருப்பாங்க. ஒரே கால்தான்டா. பெட்டிய மாத்தியிருக்காங்க. ஆனா ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியல."

"என்ன அண்ணே?"

"பெட்டி கடிக்குதுன்னு அந்தம்மாகிட்ட யாரு சொன்னது?"

பெட்டிக்குள் இருந்தது கால். காலுக்கு வாய் கிடையாது. ஜட்கா ஒன்றைப் பிடித்து மாதாபுரத்துக்கு விட்டோம்.

அரியலூரிலிருந்து இரண்டு மைல். தேவசகாயம் வாத்தியார் ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார். தலையணைமேல் முழங்காலோடு முடிந்துபோன வலது கால், அதன் நுனியில் கட்டு. பக்கத்து மேசையில் பெட்டிஷன், மைக்கூடு, சிவப்புப் பென்சில். சுவரில் ஒரு சிலேட்டு மாட்டியிருந்தது. அதில் கோணல் எழுத்தில் 'விண்ணரசி' என்று ஒரு பெயர், அழியாமல் இருக்க மேலே கண்ணாடி போட்டிருந்தார்கள்.

"எம் மவ" என்றார் வாத்தியார், நான் பார்ப்பதைப் பார்த்து. "ஏழு வயசுல அம்மை வார்த்துப் போயிட்டா. அது கெடக்கட்டும், நீங்க டாக்டர் ஆளா?"

"உண்மையோட ஆளு" என்றார் அண்ணன்.

"உண்மை என் பக்கம் இருக்கு. கால் இருக்குய்யா. கண்ணுக்குத்தான் தெரியல. மொதல் பத்துப் பன்னெண்டு நாளு என் விரல் நாலையும் மடக்கி ஒரு டப்பாவுல போட்டு அடைச்ச மாதிரி வலி."

"அஞ்சு விரல் இல்ல?" என்றேன்.

"நாலு! சுண்டுவிரல் முன்னாடியே போச்சு. நான் கணக்கு வாத்தியார், தப்பா எண்ண மாட்டேன். 'விரலு மடங்குது, விரலு மடங்குது'ன்னு ஊரே கேக்கக் கத்துனேன். போன செவ்வாக்கெழமை சாயங்காலம்—"

அண்ணன் குடையை இறுகப் பிடிப்பதைக் கண்டேன்.

"—செபஸ்தி, என் சம்சாரம், எங்கயோ போயிட்டு வந்தா. 'இனிமே வலிக்காதுங்க, விரலை நீட்டிக்குங்க'ன்னா. நீட்டினேன். நீண்டுடுச்சு! அன்னியிலேருந்து சொகமா கெடக்கு. உள்ளங்கால் மட்டும் அப்பப்பக் கூசுது. செத்த காலுக்குச் சொகம் தெரியுமா? கூச்சம் தெரியுமா? சொல்லுங்க!"

பெட்டி கடிக்கிறது என்று புகார் சொன்ன ஆள் கண்முன்னே ஈசிச்சேரில் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது அவருக்கே தெரியாது.

அப்போதுதான் அந்த அம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் செபமாலை. கொல்லையில் கால் கழுவிவிட்டு வந்திருப்பாள் போல, சிமெண்டுத் தரையில் ஈரத்தடம் பதிந்தது. அண்ணன் மோரைக் குடிக்கிற சாக்கில் குடையைத் தடத்தின் பக்கத்தில் சாய்த்தார். நான் கோட்டை எண்ணினேன். ஒன்பது. இரண்டு விரற்கடை கூட்டினால் பதினொன்று.

கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்தடியில் செபஸ்தியம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, பெட்டி இப்பக் கடிக்கலையே?"

கையிலிருந்த செம்பு உருண்டு போனது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

"எனக்கு வேற வழி தெரியலீங்க. தோட்டிய வரச் சொல்லி பின்னால குழியில போட்டுருவாங்கன்னு பக்கத்துக் கட்டில்காரி சொன்னா. பதினெட்டு வருஷம் தெனம் சாயங்காலம் என் வூட்டுக்கு நடந்து வந்த காலுங்க அது. நாயி இழுத்துக்கிட்டுப் போவவா? கடைசி நாள்ல எல்லாரும் எழும்புறப்ப, அவரு மட்டும் ஒத்தக் காலோட நிக்கணுமா? மாதா கோயில் உபதேசியாரு கையில கால்ல வுழுந்தேன். ராவோட ராவா வேண்டாம், விடிஞ்சதும் வெளிச்சத்துலயே புதைப்போம், சர்வேசுரனுக்கு முன்னாடி என்ன ஒளிவுன்னாரு."

"அப்புறம் இவரு விரலு மடங்குதுன்னு கத்துனாரு."

"பெட்டி சின்னதாப் போச்சுன்னு எனக்குத்தானே தெரியும். விரலை அமுக்கித்தான் மூடியிருந்தோம். அவரு அங்க கத்துறாரு, எனக்கு இங்க வயிறு எரியுது. பெரிய பெட்டி வாங்கி, மூக்குல துணியக் கட்டிக்கிட்டு மாத்தி வெச்சோம்."

"அந்தக் காலை நீங்க கழுவினீங்களா?"

"கழுவாம எப்புடிங்க வெக்கிறது?"

"பாத்தீங்களா?"

அவள் உருண்ட செம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "கரியாட்டம் இருந்துச்சு. துணியால தொடச்சா தோலு துணியோட வந்துச்சு. டாக்டரு பொய் சொல்லலீங்க. அதுல உசிரு இல்ல."

"இதை உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லியிருந்தா, பெட்டிஷனே வந்திருக்காதே அம்மா!" என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அங்கே ஒரு மனுஷன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், வாசலில் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"தெனம் காலையில எழுந்து 'கால் உசிரோட இருக்கு செபஸ்தி'ங்கிறாரு. அந்த ஒண்ணைச் சொல்லித்தான் கஞ்சி குடிக்கிறாரு. செத்துப்போச்சு, நானே என் கையால புதைச்சேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

மணி மூன்றரை. நான் ஓடிப் போய்க் கோயிலடியில் இருந்த ஞானப்பிரகாசம் உபதேசியாரை, அடக்கம் எழுதுகிற கல்லறைப் புத்தகத்தோடு கூட்டிவந்தேன். மெலிந்த மனிதர். யாரும் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை என்றார். புத்தகத்தில் மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்கு நேராக இப்படி இருந்தது:

'தேவசகாயம் வாத்தியார், வயது 46. வலது கால் மாத்திரம். கணுக்காலுக்கு மேல் வரை கறுத்து அழுகியது. மிச்சம் உயிரோடிருக்கிறார். அடக்கம் செய்யப்பட்டது.'

அதற்குக் கீழே செவ்வாய்க்கிழமை: 'மேற்படி கால். இடநெருக்கடியால் வேறு பெட்டிக்கு மாற்றம்.'

"போதும்" என்றார் அண்ணன். "கல்லறையத் தோண்ட வேணாம். பெட்டிஷன் வர்றதுக்கு முன்னாடியே எழுதின சாட்சி இது. ஆனா அம்மா, ஆபீசர் வாயாலயோ என் வாயாலயோ உங்க வூட்டுக்காரர் இதைக் கேக்கக் கூடாது. நீங்கதான் சொல்லணும்."

"சொல்ல வேணாம்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். காலைத்தானே எடுத்தாங்க, காதையா எடுத்தாங்க?"

எல்லோரும் உள்ளே போனோம். வாத்தியார் எங்களைப் பார்க்கவில்லை. தலையணையையும் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மோட்டார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டாக்டர் பாலசுந்தரத்தின் குரலும் கேட்டது.

"துடைச்சா தோலு வந்துச்சா?" என்று வாத்தியார் மனைவியிடம் கேட்டார்.

"ம்."

"மெழுகுவத்தி ஏத்துனியா?"

"ஏத்துனேன்."

வாத்தியார் சிவப்புப் பென்சிலை எடுத்தார். பெட்டிஷனின் முதல் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு கிழித்தார். இரண்டாவது பக்கத்தில் ஒன்று. மூன்றாவதில், நாலாவதில். கடைசியில் கையெழுத்துக்குக் கீழே, பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குப் போடுவதுபோல் பெரிதாக ஒரு முட்டை போட்டார். பென்சில் முனை ஒடிந்தது.

"எங்க வெச்சிருக்க?"

"நம்ம பாப்பா பக்கத்துல. ஒம்போது வருஷமாத் தனியாத்தானே கெடக்குறா."

அவர் சிலேட்டைப் பார்த்தார். கணக்கு வாத்தியாருக்கு இன்னும் ஒன்று கணக்கில் உதைத்தது.

"எல்லாஞ் சரி. அப்ப உள்ளங்கால் கூசுதே, அது?"

"அவதாங்க" என்றாள் செபஸ்தியம்மாள். "நீங்க படுத்திருந்தா அவ உங்க உள்ளங்கால்லதானே கிச்சுக்கிச்சு மூட்டுவா?"

வாத்தியார் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறி, கண்ணிலிருந்து வழிந்து, மறுபடியும் சிரிப்பாக வந்தது. ஏழு வருஷம் ஜனங்களைச் சிரிக்க வைத்தவன் நான். அப்படி ஒரு சிரிப்பை ஒருநாளும் வாங்கியதில்லை. என் மூக்கும் அடைத்துக்கொண்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆபீசர் உள்ளே வந்தார். பின்னால் வெளுத்த முகத்தோடு டாக்டர். அண்ணன் டாக்டரிடம் கல்லறைப் புத்தகத்தை விரித்து நீட்ட, டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸ்டர் தேவசகாயம்" என்றார் ஆபீசர், காகிதக்கட்டைப் புரட்டியபடி. "உங்க கம்ப்ளெயிண்ட் என்ன?"

வாத்தியார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கம்ப்ளெயிண்ட் ஒண்ணும் இல்லீங்க. கொஞ்சம் கூசுது, அவ்வளவுதான்."